மாடித் தொட்டிக்குக் கீழே குடியிருப்பவனின் திறந்த மடல்

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். எந்தச் சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். புகார்ப் புத்தகத்தில் இருக்கிறது, பொதுக்குழுவிலும் பேசியாகிவிட்டது. இப்போது ஊரறிய எழுதுவதற்குக் காரணம், போன வாரம் எனக்குக் கிடைத்த பதில்: "டேங்க்குக்குக் கீழே வீடு என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்?"

தெரிந்துதான் வாங்கினேன். தலைக்கு மேல் தொட்டி இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நடுராத்திரியில் மோட்டார் நிற்கும்போது படுக்கையறைச் சுவரில் விழுகிறதே ஓர் அடி, அதைப் பற்றித்தான் பேச்சு.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் விழிப்பு வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, ஒரே சீரான இரைச்சலில் தூங்கிப் பழகிக்கொள்ளலாம். ஆனால் ஓடுகிற மோட்டார் எப்படியும் நிற்கும், நின்றதும் 'டமார்' என்று கேட்கும் என்று தெரிந்தவன் எப்படித் தூங்குவான்? கண்ணை மூடிக்கொண்டு அதற்காகவே காத்துக் கிடக்கிறேன். மேலே தண்ணீர் கொட்டும் ஓசையை வைத்தே தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். மோட்டார் நிற்கும். ஒரு கணம் ஒன்றும் இருக்காது. அப்புறம் அடி. அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். அதான் முடிந்துவிட்டதே, தூங்க வேண்டியதுதானே என்பீர்கள். யாரோ ஒருவர் வீட்டு ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறது. அதனால் தொட்டியில் மட்டம் கொஞ்சம் இறங்கியதும் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் மறுபடி மோட்டாரைப் போட்டுவிடும்.

நீங்கள் அனுப்பிய பிளம்பர் குழாயை இரண்டு தட்டுத் தட்டி, "காத்து அடைச்சிருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றின் மேல் பழியைப் போட்டால் அது வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. நடப்பது வேறு. மோட்டார் நின்றதும், மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அப்படியே கீழ்நோக்கித் திரும்புகிறது. அதைத் தடுக்க வேண்டிய என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரு பக்கமாக மட்டுமே விடும் வால்வு, பழைய தட்டு வகை. தண்ணீர் திரும்பி வேகம் பிடித்த பிறகுதான் அதன் தட்டு வந்து அறைகிறது. அந்த அதிர்ச்சி குழாய் வழியே மேலே ஏறி, கிளாம்ப் தளர்ந்துபோன இடத்தில் என் சுவரை மோதுகிறது. ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. என்றால் தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும். ஓடும் தண்ணீர் சட்டென்று நின்று இப்படி அடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'வாட்டர் ஹேமர்' என்று பெயர். ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் மாஸ்கோ நீர்க்குழாய்களில் சோதித்துப் பார்த்து 1898-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். அவர் கணக்குப்படி, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரை இரும்புக் குழாயில் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் ஏறக்குறைய 12 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) எகிறும். வீட்டுக் குழாயில் வழக்கமாக இருப்பது 2, 3 பார்தான். ஆகவே இன்று என் தூக்கம் போகிறது, நாளை ஏதாவது ஒரு ஜாயின்ட் போகும். அது யார் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறதோ, அவர் அன்றைக்கு என் கட்சிக்கு வந்துவிடுவார்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: அந்த என்.ஆர்.வி.யை மாற்றுங்கள். மாற்றும்போதே குழாய்க்கு ரப்பர் வைத்த கிளாம்ப் போடச் சொல்லுங்கள். அதுவரை, இரவு பத்து மணிக்குத் தொட்டியை நிரப்பிவிட்டு, விடியும்வரை மோட்டாரை நிறுத்தி வையுங்கள். இதற்கு ஒரு டைமர் போதும்.

படுக்கையறையில் தனித்தனியாக எழும் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே வழிகாட்டியிருக்கிறது. நமக்கு அதெல்லாம் எதற்கு? நுழைவாயிலில் சங்கத்தின் பெயர்ப்பலகை இந்த ஆண்டு இரண்டாவது முறையாக மாறியிருக்கிறது, இந்த முறை விளக்கோடு. செயற்குழு அறைக்குச் சாய்வு நாற்காலிகள் வந்துவிட்டன. வாட்ஸ்அப் குழுவில் என் புகாருக்கு மூன்று பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். அது வணக்கமா, அனுதாபமா, இல்லை ஆளை விடுங்கள் என்பதா என்று இன்னும் புரியவில்லை. தொட்டிக்கு அடித்த புது நீல வண்ணம் மிக அழகு. கீழே படுத்திருப்பவனுக்குத்தான் அது தெரியாது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காமல் சங்க வேலை பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். செயற்குழுவில் யாராவது ஒருவர், ஒரே ஒரு ராத்திரி, என் வீட்டில் வந்து படுத்துப் பாருங்கள். மெத்தை, போர்வை எல்லாம் தயாராக இருக்கிறது. வர முடியாவிட்டாலும் தயவுசெய்து அந்த என்.ஆர்.வி.யை மாற்றிக் கொடுங்கள். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்குத் தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா வீட்டுக் கதவையும் நானே போய்த் தட்டிச் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மேல்தளத்துக் குடியிருப்பாளன்