பழைய மீன்தொட்டி வாங்கப்போகும் மகளுக்கு

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய படத்தை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். ரொறன்ரோவில் யாரோ வீடு மாறும்போது விற்கிற அந்த 75 கலன் தொட்டி மலிவுதான். ஆனாலும் நீ காசைக் கொடுப்பதற்கு முன், சென்ற வருடம் நமது விறாந்தையில் தொட்டி வைப்பதற்கு நான் பட்ட பாட்டை ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. தொலைபேசியில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று கேட்டுவிட்டு மறந்துவிடுவாய்.

கணக்குப் படிப்பித்தவன் என்பதால் பாரத்திலிருந்து தொடங்குகிறேன். நம்முடைய தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒன்பது கன அடி என்றால் ஏறக்குறைய 255 லீற்றர், அதாவது தண்ணீர் மட்டுமே 255 கிலோ. கண்ணாடி ஒரு நாற்பது கிலோ, மணலும் கல்லும் ஐம்பது கிலோ. உன்னுடையது 284 லீற்றர் பிடிக்கும். தொட்டியை ஏற்றி வைக்கிற தாங்கியோடு சேர்த்து 400 கிலோவை எட்டிவிடும். நமக்குச் சீமெந்துத் தரை, கவலை இல்லை. உன் வீட்டுத் தளம் பலகையானால், அதைத் தாங்கும் மரங்களுக்குக் குறுக்காக, பாரம் தாங்கும் சுவரை ஒட்டித் தொட்டியை வை. வாடகை வீடு என்பதால் உரிமையாளரிடமும் முதலே கேட்டுக்கொள்.

நான் காத்தான்குடியில் ஒரு வீட்டில் தாங்கியோடு சேர்த்து 18,000 ரூபாய்க்கு வாங்கி, பட்டா லொறியில் பழைய தும்பு மெத்தையை விரித்துக் கொண்டுவந்தேன். விற்றவர் ஒழுகாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டு வருடம் வெயிலில் காய்ந்து கிடந்த தொட்டி என்பதை அவரும் மறந்திருந்தார். முற்றத்து மாமர நிழலில் சமதரையில் வைத்து நிரப்பினேன். மூன்றாம் நாள் காலையில் பின்பக்கக் கீழ்மூலையில் நூல் போல ஓர் ஈரக்கோடு தெரிந்தது. அவசரப்பட்டு, பழைய சிலிக்கோனுக்கு மேலேயே புதியதைப் பூசினேன். காய்ந்த சிலிக்கோனில் புதிய சிலிக்கோன் ஒட்டாது என்பது, மறுபடியும் நிரப்பி மறுபடியும் ஒழுகிய பிறகுதான் எனக்கு விளங்கியது. பின்னர் உட்பக்க விளிம்பில் இருந்ததை முழுவதும் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரே மூச்சில் பூசி, ஐந்து நாள் தொடாமல் விட்டேன். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அவற்றைப் பிணைத்து நிற்கிற சிலிக்கோனில் மட்டும் பிளேடை விட்டுவிடாதே. தொட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. குளியலறைக்கென்று விற்கிற, பூஞ்சணம் பிடிக்காத மருந்து கலந்த வகையையும் வாங்காதே, அது மீனுக்கு நஞ்சு. இதற்கிடையில், டெங்கு பார்க்க வந்த பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முற்றத்தில் திறந்து கிடந்த 255 லீற்றர் தண்ணீரைக் கண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பரிசோதனைத் தண்ணீரை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டேன் என்று அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று.

தாங்கி மட்டமாக இருக்க வேண்டும். நமது தொட்டியின் அடி வெறும் கண்ணாடி என்பதால், பலகைக்கும் அதற்கும் நடுவே ஒரு ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகை) தட்டு வைத்தேன்; சிறு மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். நீ அனுப்பிய படத்தில் தொட்டியைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டம் தெரிகிறது. அப்படிப்பட்ட தொட்டியின் பாரம் சட்டத்தில்தான் இறங்கும், ஆகவே உனக்கு ரெஜிபோம் வேண்டாம்.

அடிமண்ணுக்கு நான் செலவழித்தது மிகக் குறைவு. கடைகளில் செடித்தொட்டிக்கென்று விற்கிற மண் நமக்குக் கட்டுப்படியாகாது. கிணற்றடிக்குப் பின்னால், பசளை போடாத இடத்து மண்ணை அரித்து எடுத்து ஓர் அங்குலம் பரப்பி, அதன் மேல் நன்றாகக் கழுவிய ஆற்றுமணலை ஒன்றரை அங்குலம் போட்டேன். மாமா தன் வயல்மண்ணைத் தருவதாகச் சொன்னார். யூரியா கண்ட மண் என்பதால் வேண்டாம் என்றேன். கல்லடிக் கடற்கரை மணல் காசில்லாமல் கிடைக்கும்தான், ஆனால் சிப்பித்தூள் கலந்தது. ஒரு கைப்பிடியில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பார்த்தேன், நுரைத்தது. அந்தச் சுண்ணாம்பு கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். அங்கே நீச்சல்குள வடிகட்டிக்கு விற்கிற மணல் மூட்டையைக் கேட்டுப் பார், அது மலிவு, சுண்ணாம்பும் இராது.

மிச்சம் பிடித்த காசைச் செடியில் போடு. தொடக்கத்திலேயே நெருக்கமாக நட்டால் மண்ணிலிருந்து கசிகிற சத்தைப் பாசி தின்பதற்கு முன் செடி தின்றுவிடும். நான் வலிஸ்னேரியாவும் கிரிப்டோகொரைனும் நட்டேன். அங்கே கடையில் கிரிப்டோகொரைன் வென்டீ என்ற பெயரைக் கண்டால் அது இலங்கைக்கே உரிய செடி என்று நினைத்துக்கொள். நம் பக்கத்துக் குளத்துச் செடி அல்ல, ஓடைகளில் வளர்வது. புதிய தண்ணீரில் நட்டதும் அதன் இலைகள் கரைந்து விழும், அம்மா செத்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டா. பிடுங்காமல் விட்டால் மூன்று, நான்கு கிழமையில் கிழங்கிலிருந்து மீண்டும் தளிர்க்கும். இங்கே குளத்திலிருந்து அள்ளி வந்த வேலம்பாசி என்ற நீர்ச்செடியும் போட்டேன். அங்கே அதைத் தேடாதே, வட அமெரிக்காவில் அது ஏரிகளை அடைத்த களை. 1939 இல் கொண்டுவந்த சல்வீனியா என்ற மிதக்கும் களை நமது நீர்நிலைகளைப் படுத்துகிற பாட்டை நீயே பார்த்து வளர்ந்தவள்.

சீனியும் ஈஸ்டும் போத்தலில் போட்டுக் கரியமில வாயு விடுகிற வேலை வேண்டாம். நான் விட்டேன், ஒரு மத்தியானம் நுரை குழாய் வழியே தொட்டிக்குள் பொங்கி, தண்ணீர் மூன்று நாள் பாலாகக் கிடந்தது. மண் இருந்தால் அந்த வாயு ஓரளவு மண்ணிலிருந்தே கிடைக்கும். விளக்கை முதலில் ஆறு மணித்தியாலம் எரி, பாசி கட்டுக்குள் இருந்தால் எட்டாக்கு.

மீன் விடுவதில்தான் நீ அவசரப்படுவாய். மீன் கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பக்ரீரியாக்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு கிழமை ஆகும். நான் ஆறாம் கிழமையில்தான் பத்துக் கப்பி மீன்களை விட்டேன். விற்பவருடைய தொட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பழைய பஞ்சையும் கேட்டு வாங்கு. காயவிடாமல் அவருடைய தொட்டித் தண்ணீரிலேயே போட்டுக் கொண்டுவந்து அன்றைக்கே பொருத்தினால் பாதிக் காத்திருப்பு மிஞ்சும். பிறகும் பஞ்சைப் பைப் தண்ணீரில் அலசாதே, தொட்டியில் எடுத்த தண்ணீரில் அலசு.

தண்ணீர் விடயத்தில் என்னைப் பின்பற்றாதே. உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற பைப் தண்ணீரை ஓரிரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடுகிறது. ரொறன்ரோவில் குளோரமைன் போடுகிறார்கள், அது வைத்திருந்தால் போகாது, அதை முறிக்கிற மருந்து விட்டே ஆக வேண்டும். இங்கே கச்சான் காற்றுக் காலத்தில் தண்ணீர் வற்றும்போது நான் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதில்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். நமது கிணற்றில் ஏற்கனவே உவர். இன்னொன்று, நமக்குச் சூடாக்கி தேவையில்லை, உனக்குத் தேவை. எல்லாவற்றையும் பழையதாக வாங்கு, சூடாக்கியை மட்டும் புதியதாக வாங்கு. பழுதானது தண்ணீரை அவித்துவிடும், அல்லது மின்சாரம் கசியும். எந்த வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறட்டும், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சனிக்கிழமை பார்க்கப் போகிறாய் என்றாய். பகல் வெளிச்சத்தில் போய், கீழ்மூலைகள் நான்கையும் கிட்டப் படம் எடுத்து அனுப்பு. சிலிக்கோன் நகம் பட்டு உரிகிறதா என்றும் பார். நான் பார்த்துச் சொல்லும்வரை முற்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா