‘இணைநோய்’ என்ற ஒற்றைச் சொல் போதாது: பொதுச் சுகாதாரத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2020ஆம் ஆண்டு கொரோனா பரவத் தொடங்கியபோது எனக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடாமல் இருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விழுங்குகிறவன் நான். அந்நாட்களில் தினமும் வெளியான இறப்புச் செய்திகளில் ‘இறந்தவருக்கு இணைநோய்கள் இருந்தன’, அதாவது சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற வேறு நோய்கள் ஏற்கெனவே இருந்தன, என்ற வரி தவறாமல் இடம்பெறும். அதைக் கேட்டதும் வீட்டில் இருந்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தோன்றும். மறுகணம் என் நினைவு வர, பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த வரியை எழுதியவர்களுக்குத் தீய எண்ணம் இருந்திருக்காது. ஆனால் அது நலமாக இருந்தவர்களுக்குப் பொய்யான தைரியத்தையும், எங்களைப் போன்றவர்களுக்கு விவரம் இல்லாத அச்சத்தையும் மட்டுமே தந்தது. அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் இந்த வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லப்பட்டிருக்க வேண்டியது வயது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தடுப்பூசி இல்லாத அந்தக் காலத்தில் தொற்றுக்கு ஆளானவர்களில் இறந்தவர்கள் 25 வயதில் சுமார் 0.01 விழுக்காடு, 55 வயதில் 0.4, 65இல் 1.4, 75இல் 4.6, 85இல் ஏறத்தாழ 15 விழுக்காடு. அதாவது, 25 வயதுக்காரரைவிட 75 வயதுக்காரருக்கு ஆபத்து நானூறு மடங்குக்கும் மேல். இதனோடு ஒப்பிட்டால் பெரும்பாலான நோய்கள் ஆபத்தைக் கூட்டும் அளவு மிகச் சிறியது. ‘எனக்குச் சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, எனக்கென்ன வந்துவிடப் போகிறது’ என்று கூட்டத்துக்குள் சென்ற 75 வயதுப் பெரியவரைத்தான் ‘இணைநோய்’ என்ற சொல் மிக மோசமாக ஏமாற்றியது. அவர் அறிவிப்பைப் படிக்காதவர் அல்லர். படித்து, நம்பி நடந்தவர்.

அடுத்து, அந்த ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல நிலைகள் அடைபட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த நீரிழிவுக்காரர்களுக்கு இறப்பு ஆபத்து சுமார் 1.3 மடங்கு, அதற்கு மேல் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இரண்டரை மடங்கு. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு மூன்றரை மடங்கு. லேசான ஆஸ்துமாவோ ஆபத்தைக் கூட்டவே இல்லை எனலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு எத்தனை பேர் உறக்கமின்றித் தவித்திருப்பார்கள்! ஆணாக இருப்பதும், வறுமையில் இருப்பதும்கூட அந்தக் கணக்கில் ஆபத்தைத் தெளிவாகக் கூட்டின. இவ்விரண்டையும் எந்த இறப்புச் செய்தியிலும் நான் ‘இணைநோய்’ வரிசையில் கண்டதில்லை.

நலமாக இருந்த ஒருவர் திடீரென மோசமாவதற்கும் காரணம் உண்டு. வைரஸை முதலில் எதிர்கொள்ளும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) சிலரது இரத்தத்தில் முன்கூட்டியே இருந்ததை 2020இல் கண்டறிந்தார்கள். உயிருக்கு ஆபத்தான நிலைக்குச் சென்றவர்களில் பத்தில் ஒருவரிடமாவது அவை இருந்தன. எழுபது வயதைக் கடந்தவர்களிடம் அவை கூடுதலாகக் காணப்படுகின்றன. எந்தப் பட்டியலும் முழுமையானது அல்ல என்பதை மக்களிடம் சொல்லத் தயங்காதீர்கள். சொன்னால் கலவரப்படுவார்கள் என்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

பட்டியல் வைரஸுக்கு வைரஸ் மாறும் என்பதையும் முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா, 20 முதல் 40 வயதுக்குட்பட்ட திடகாத்திரமானவர்களை வழக்கத்துக்கு மாறாகப் பெருமளவில் பலிகொண்டது. 2009இல் பரவிய எச்1என்1, கர்ப்பிணிகளையும் உடல் பருமன் மிகுந்தவர்களையும் கடுமையாகத் தாக்கியது. முதியவர்களில் பலருக்கோ இளவயதில் அதை ஒத்த வைரஸ்கள் வந்துபோன அனுபவம் ஓரளவு காப்பாகியது. ஆகவே கொரோனாவின் பட்டியலை அப்படியே தேதி மாற்றி வெளியிட்டுவிடாதீர்கள்.

தடுப்பூசி வந்தபின் எங்கள் நிலை பற்றி எவரும் பேசவில்லை. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களை 2021இல் ஆராய்ந்தபோது, இரண்டு தவணை போட்டபிறகும் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு எதிர்ப்பொருளே உருவாகவில்லை. நானும் அந்தப் பாதியில் ஒருவன். பரிசோதனைத் தாளில் ‘இல்லை’ என்று அச்சாகியிருந்த அன்றுகூட, ‘அதுதான் ஊசி போட்டாயிற்றே, இன்னும் முகக்கவசம் எதற்கு?’ என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் படித்த அறிவிப்பில் எங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக் கண்காணிப்பு அறிவுரைகளிலும் ஒரு குறை உண்டு. என் அண்ணனுக்குத் தொற்று வந்த ஆறாம் நாள், தலையணையில் சாய்ந்தபடி தொலைபேசியில் கணக்கு வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறல் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 86 காட்டியது. கருவி பழுது என்று நினைத்து மற்ற விரல்களிலும் மாட்டிப் பார்த்தோம், 85, 86. திணறாமலே ஆக்சிஜன் குறையும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கருமையான தோலுள்ளவர்களிடம் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் 2020 டிசம்பரில் வெளியான ஆய்விலேயே தெரிந்துவிட்ட செய்தி. அப்படியானால், 94 காட்டினால் பொறுத்திருக்கலாம் என்ற ஒரே எல்லை எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும்?

தனித்தனி ஆபத்தைக் கணக்கிட இயலாது என்று சொல்லிவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2021 பிப்ரவரியில் வயது, பாலினம், உடல் எடை, இனம், வசிப்பிடத்தின் வறுமை நிலை, நோய்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, அதுவரை விடுபட்டிருந்த 17 லட்சம் பேரை உயர் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். கணினி வசதி இல்லாத இடத்தில் ஒரு தாள் போதும். அதில் ஒருவரின் வயது, நோய், அது கட்டுப்பாட்டில் உள்ள அளவு, உண்ணும் மருந்துகள், தொற்று வந்தால் முதல் நாளே யாரை அழைப்பது என்பவை இருந்தால் போதுமானது.

முதல் நாள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கொரோனாவுக்கான பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். அதிலுள்ள ரிட்டோனாவிர் என்ற மருந்து, எதிர்ப்பாற்றலை அடக்க நான் உண்ணும் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடங்குவது என்ற முடிவைக் காய்ச்சலோடு படுத்திருக்கும்போது, நள்ளிரவில், அறிமுகமில்லாத மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு எடுக்க முடியாது. அந்தத் தாளைத் தொற்று வருவதற்கு முன்பே எங்கள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஒருவன்