கழுத்தைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோவை கணபதி வட்டார லேத் பட்டறைகளில் காலமெல்லாம் நின்று வேலை பார்த்த எங்கள் அப்பா, கழுத்தில் ஆபரேஷன் முடிந்து வீடு வந்துவிட்டார். யாருடைய பேரையும் நான் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி நரம்பு டாக்டர் அம்மாவுக்கு. நடக்கும்போது கால் பின்னுகிறது என்றதும் அதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் முழங்காலைத்தான் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் இருந்தது. அறுபதைத் தாண்டியவருக்கு இல்லாமலா போகும்? நீங்கள் மட்டும்தான், "ஐயா, சட்டைப் பட்டனை நீங்களே போட்டுக்கறீங்களா?" என்று கேட்டீர்கள். அப்பா பதில் சொல்லாமல் எங்கள் அம்மாவைப் பார்த்தார். அப்பாவுடைய நடுவிரல் நகத்தைச் சுண்டினீர்கள். கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. "காலுக்கு வேண்டாம், இடுப்புக்கும் வேண்டாம். கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுங்க" என்றீர்கள். கால் தடுமாறுகிறவருக்குக் கழுத்தில் என்ன ஸ்கேன் என்று சித்தப்பா வெளியே வந்து முணுமுணுத்தது தனிக்கதை.

அடுத்து ஸ்கேன் அறைத் தம்பி. லேத் வேலை என்றதும், கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் தெறித்திருக்கிறதா என்று கேட்டு, முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினீர்கள். அப்பாவுக்கு எரிச்சல். இந்த எம்.ஆர்.ஐ. மெஷினே 1.5 டெஸ்லா அளவுள்ள பலமான காந்தம், கண்ணுக்குள்ளே தங்கிய துணுக்கு அசைந்தால் பார்வையே போய்விடலாம் என்று பொறுமையாகச் சொன்ன பிறகுதான் அடங்கினார். அரைஞாண் கயிற்றுத் தாயத்தைக் கழற்ற மனசில்லாமல் நின்றவரிடம் அதை வாங்கி, காகிதத்தில் மடித்து அம்மா கையில் கொடுத்தீர்கள். காதுக்குப் பஞ்சு வைத்தீர்கள். அவசரத்துக்கு அமுக்கும் ரப்பர் பந்தை, பிடி தளர்ந்த வலது கையில் வைக்காமல் இடது கையில் வைத்தீர்கள். "எச்சில் முழுங்குனாலும் படம் கலங்கிடுங்க, சத்தம் நிக்கறப்ப முழுங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பினீர்களே, ஒரே தடவையில் படம் தெளிவாக விழுந்ததற்கு அதுதான் காரணம்.

படத்தை விளக்கிய ரேடியாலஜி டாக்டருக்கும் நன்றி. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜனை வைத்துப் படம் பிடிப்பதால் எம்.ஆர்.ஐ. ஜவ்வையும் நரம்பையும் காட்டும் என்றீர்கள். ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. சாம்பல் நிறத்தில் இறங்கிய தண்டுவடத்தில் அங்கே மட்டும் வெள்ளைத் திட்டு. காலுக்குப் போகிற நரம்பும் கழுத்து வழியாகத்தானே இறங்குகிறது! சித்தப்பா அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களையும் மறக்க முடியாது. கபடியில் முழங்கால் ஜவ்வு அறுந்த பையன், பித்தக்குழாயில் கல் என்று சந்தேகப்பட்ட ஓர் அக்கா. பக்கவாதம் வந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்ததும் அத்தனை பேரும் எழுந்து வழிவிட்டீர்கள். ஆரம்ப மணி நேரங்களில் சி.டி. ஸ்கேனில் பிடிபடாத மூளை பாதிப்பும் எம்.ஆர்.ஐ.யில் தெரியுமாம், அங்கே ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்த அக்காவுக்கும், "மேலும் கெடாம நிறுத்தத்தான் ஆபரேஷன், போனது முழுசா வரும்னு சொல்லமாட்டேன்" என்று ஆசை காட்டாமல் பேசிய சர்ஜனுக்கும், ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும் நன்றி.

தோழர்களுக்கு அப்பா ஒரு தகவல் சொல்லச் சொன்னார்: இனி லேத்தில் நிற்க மாட்டாராம், கணக்கு நோட்டுப் பார்க்க வருவாராம். ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

நன்றியுடன்,
அவருடைய மகள்
கணபதி, கோயம்புத்தூர்