உன் அப்பாவுக்கு 170

ஏட்டி,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ முறைப்பது இங்கே வரைக்கும் தெரிகிறது. முறைத்துக்கொள். அம்மா சுகம், பெரியவன் ஒழுங்காகப் படிக்கிறான். விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம உப்பளத்து மதினி போன மாசம் பாத்தியிலேயே விழுந்துவிட்டாள். உப்பு வாரிக்கொண்டிருந்தவளுக்கு வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. பக்கவாதம். பிரஷர் 210க்கு 120. பிழைத்துக்கொண்டாள். ஆனால் நம் ரெண்டு பேருக்கும் சடை பின்னிவிட்ட அந்தக் கையால் இப்போது தம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

அவளுக்கு பிரஷர் இருப்பது எனக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்ததிலிருந்து இந்தத் தெருவுக்கு மாத்திரை கொண்டுபோவது நான்தானே. போய்ப் பார்த்தால் அலமாரியில் அம்லோடிபின் அட்டை ஆறு, பிரிக்காமலே கிடக்கிறது. "கால் வீங்குச்சு, நிறுத்திட்டேன். தலைவலியும் இல்லையே" என்கிறாள். அந்த மாத்திரையால் சிலருக்குக் கால் வீங்கும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். தலைவலி இல்லாமலும் பிரஷர் ஏறும். இதை நான் அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் விடியுமுன்னே அளத்துக்குப் போய்விடுவாள், நான் பத்து மணிக்குப் போவேன். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

அளத்தில் வேலை பார்க்கிறவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம் என்கிறோம். பழைய கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் விட்டால் அங்கே வேறு என்ன இருக்கிறது? அளத்தில் கக்கூஸ் கிடையாது, அதனால் பெண்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இப்போது "கஞ்சியில் உப்புப் போட்டால் ஊறுகாய் வேண்டாம்" என்று மட்டும் சொல்கிறேன். அதைக் கேட்கிறார்கள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் போகிறேன். வேலையிலிருந்து வந்தவர்களை அஞ்சு நிமிஷம் உட்காரவைத்துப் பிரஷர் பார்த்து, கால் வீக்கம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் கொடுக்கிறேன்.

நேற்று உன் அப்பாவுக்கும் பார்த்தேன். 170க்கு 100. இரண்டு தடவை பார்த்தேன், அதேதான். உனக்கு எழுதக் கூடாது என்றார். எழுதிவிட்டேன், கோபப்பட்டால் படட்டும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன். "நேத்துப் பொறந்த புள்ள" என்று என்னை விரட்டுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே நீ போன் போட்டுச் சத்தம் போட்டு வை.

உன் பழைய தெரு சிநேகிதி