அந்த 300 வாட் பேனலின் நீள அகலம் என்ன?

அன்புள்ள கயலுக்கு,

வீட்டிலேயே மின்சாரம் எடுக்கலாம் என்று நீ அனுப்பிய விளம்பரங்களை எல்லாம் பார்த்துவிட்டேன். ஒன்றும் வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன், அடுத்த முறை என்னைக் கேட்காமல் நீயே கழித்துக்கட்டலாம்.

முதலில் அந்த வளையும் சோலார் பேனல். 300 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அளவு எங்கேயோ அடியில் இருக்கிறது: 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். பேனலின் வாட்டை அளப்பதே சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழும்படி வைத்துத்தான். நல்ல பேனல் அதில் 20 முதல் 23 சதவீதத்தை மின்சாரமாக்கும். அரை சதுர மீட்டரில் விழுவது 500 வாட் வெளிச்சம், அதிலிருந்து 115 வாட் வந்தாலே பெரிது, 300 வாட் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. பின்பக்க லேபிளில் விஎம்பி, ஐஎம்பி என்று இரண்டு எண்கள் இருக்கும், பேனல் உச்ச வாட் தரும்போது உள்ள வோல்ட்டும் ஆம்பியரும் அவை. பெருக்கினால் வாட் வர வேண்டும். 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்றால் 99 வாட்தான், மேலே என்ன அச்சடித்திருந்தாலும் சரி. நீள அகலமே சொல்லாத விளம்பரத்தை மேற்கொண்டு படிக்காதே.

காற்றாலையில் பொய் இன்னும் நுணுக்கமானது, ஏனென்றால் எண் உண்மையாகவே இருக்கலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். அதனால் விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் என்ன வரும் என்பதைப் பெட்டியில் போடுகிறார்கள். வீட்டு மாடியில் பெரும்பாலும் அடிப்பது 3, 4 மீட்டர்தான். 1 மீட்டர் விட்டமுள்ள விசிறியின் வழியே 4 மீட்டர் வேகத்தில் போகும் காற்றில் மொத்தமே 31 வாட் இருக்கிறது. அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் பிடிக்க முடியாது, இது பெட்ஸ் வரம்பு. சின்ன இயந்திரம் அந்த வரம்பில் பாதி பிடித்தால் பெரிது. ஆக 9 வாட். ஒரு எல்இடி பல்பு எரியும்.

காந்த மோட்டார் செய்முறைப் புத்தகம் பற்றி எழுத ஒன்றுமில்லை. காந்தம் தானாகச் சுற்றி மின்சாரம் தராது. இலவச மின்சாரத்தின் ரகசியத்தை விலைக்கு விற்கிறவரிடம் அவர் வீட்டு கரன்ட் பில்லைக் காட்டச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பிளக்கில் செருகினால் பில் குறையும் என்கிற பெட்டிக்குள் இருப்பது ஒரு கெபாசிட்டர். அது பவர் ஃபேக்டரைத்தான், அதாவது வோல்ட்டும் கரன்ட்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் மாற்றும். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணும், அதனால் பில் குறையாது.

'செல்களை வாங்கி நீங்களே பேனல் செய்யுங்கள்' என்பதில்தான் நீ மயங்குவாய் என்று தெரியும், சால்டரிங் உனக்குப் பிடிக்குமே. 36 செல்களைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 18 வோல்ட் வருவது உண்மை. முதல் வெயிலில் விளக்கும் எரியும். சிக்கல் பிறகு வரும். தொழிற்சாலையில் கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து, காற்றை உறிஞ்சி, 150 டிகிரி அளவில் சூடாக்கி ஒட்டுகிறார்கள். கிட்டில் கொடுப்பதோ அக்ரிலிக் தகடும் சிலிக்கானும். அக்ரிலிக் வெயிலில் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியும். அந்த இழுப்பில் இணைப்புப் பட்டைகள் விட்டுப்போகும், ஈரம் உள்ளே இறங்கும். ஒரு செல் கெட்டால் மற்ற செல்களின் கரன்ட் அதைச் சூடேற்றும். சட்டம் மரமாக இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே மாட்டும் சார்ஜ் கன்ட்ரோலரிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. எம்பிபிடி வகை பேனலின் கூடுதல் வோல்ட்டைக் கூடுதல் கரன்ட்டாக மாற்றித் தரும், மலிவான பிடபிள்யூஎம் வகை அப்படி மாற்றாது. எம்பிபிடி என்று ஒட்டி, உள்ளே பிடபிள்யூஎம் வைத்துவிடுவார்கள். 36 வோல்ட் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு மாட்டி, பேட்டரி காலியாக இருக்கும்போது நல்ல வெயிலில் இரண்டு பக்க கரன்ட்டையும் அளந்து பார். பேனலும் பேட்டரியும் தருவது ஒரே திசையில் ஓடும் டிசி கரன்ட், அதனால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி அளப்பது) வேண்டும், வீட்டு லைனில் வரும் ஏசியை மட்டும் அளப்பது உதவாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஏமாற்று. பேட்டரி பக்கம் தெளிவாகக் கூடியிருந்தால்தான் எம்பிபிடி.

எந்தக் கிட்டிலும் டிசி பிரேக்கர் இருக்கிறதா என்று பார். பிரேக்கர் கரன்ட்டைத் துண்டிக்கும்போது உள்ளே பொறி பறக்கும். ஏசி கரன்ட் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் அந்தப் பொறி தானே அணையும். டிசியில் அது எளிதில் அணையாது, ஏசி பிரேக்கர் உருகிப் போகலாம். வெயிலில் லோடு ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்காதே.

பேனல் கரன்ட்டை ஏசியாக்கி வீட்டு லைனுக்குள் அனுப்பும், 'சுவர் பிளக்கில் செருகினால் போதும்' என்கிற இன்வெர்ட்டருக்கு, மின்தடை வந்ததும் தானே நிற்கும் என்ற சான்று இருக்க வேண்டும். நிற்காவிட்டால் லைனில் வேலை செய்கிறவர் உயிருக்கே ஆபத்து. மின்சாரம் வழங்குகிறவர்களின் அனுமதியும் இல்லாமல் அதைத் தொடாதே.

கடைசி பன்னிரண்டு மாத பில்லிலும் எத்தனை யூனிட் என்று எழுதி அனுப்பு. மாடியில் நிழல் விழாத இடத்தின் நீள அகலமும், காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் எடுத்த படமும் வேண்டும். எத்தனை பேனல் என்பதை அதன் பிறகு பேசலாம்.

அம்மா