தைவானிலிருந்து ஐந்து பொட்டலம் தேயிலை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நலம். நீ, அத்தான், அம்மா, குட்டி எல்லோரும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்று எழுது. போனில் கேட்டால் எப்போதும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்கிறாள்.

போன தடவை பேசும்போது, "பாலே ஊத்தாம அந்த வெறும் தண்ணிய எப்படிடி குடிக்கிற?" என்று கேட்டாய். போனில் சொல்லி மாளாது. அதனால்தான் கடிதம். கூடவே என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் விடுமுறைக்கு வருகிறார், அவர் கையில் ஐந்து பொட்டலம் தேயிலை கொடுத்து அனுப்புகிறேன். பொட்டலத்தின் மேல் பெயர் எழுதவில்லை, எண் மட்டும்தான் இருக்கும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சின்ச்சுவில் குளிர்காலம் வந்துவிட்டது. குளிரைவிடக் காற்றுதான் பாடாய்ப் படுத்துகிறது. இந்த ஊருக்கே காற்று நகரம் என்றுதான் பெயர், குடை எல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது. ஆனால் எங்கே போனாலும் வெந்நீர் கிடைக்கும். ஆபீசில், ரயில் நிலையத்தில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் வெந்நீர்க் குழாய் வைத்த மெஷின் நிற்கிறது. என் ஆபீசில் பாதிப் பேர் மேஜையில் கண்ணாடி பாட்டில், அதற்குள் முழு இலை மிதந்துகொண்டிருக்கும். குடிக்கக் குடிக்க வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், வடிகட்டுவது கிடையாது. வாயில் இலை வந்தால் பல்லால் தள்ளிவிட்டுக் குடிக்கிறார்கள். அது எனக்கு இன்னும் வரவில்லை.

தெருவுக்குத் தெரு ஜவ்வரிசி உருண்டை போட்ட பால் டீக் கடையும் உண்டு. சர்க்கரை எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று கேட்டுக் கலக்கித் தருவார்கள். குட்டி வந்தால் அதை விட்டு நகரமாட்டாள். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. நான் சொல்ல வந்தது வெறும் இலையைப் பற்றி.

முதலில் ஒன்று. கிரீன் டீ, ஊலாங், பிளாக் டீ எல்லாமே ஒரே செடிதான். நானும் வேறு வேறு செடி என்றுதான் நினைத்திருந்தேன். பறித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலையை வாட்டி, குலுக்கி, கசக்கினால் உள்ளே இருக்கும் சாறு காற்றோடு சேர்ந்து நிறம் மாறத் தொடங்கும். அதை உடனே சூடு காட்டி நிறுத்திவிட்டால் கிரீன் டீ. முழுக்க மாற விட்டால் பிளாக் டீ. நடுவில் எங்கேயாவது நிறுத்தினால் ஊலாங். அந்த நடுப்பகுதியில்தான் தைவான்காரர்கள் கை தேர்ந்தவர்கள். எந்த நிமிஷத்தில் நிறுத்துவது என்பதை இலையை முகர்ந்து பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

இது தனித்தனியாகக் குடித்தால் விளங்காது. இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று குடித்தால் எல்லாம் "நல்லா இருக்கு"தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாய் இது, ஒரு வாய் அது என்று மாற்றி மாற்றிக் குடிக்கும்போதுதான் நாக்குக்குக் கண் திறக்கிறது. தேயிலை ருசி பார்ப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இதற்கு உலக அளவில் ஒரு விதிமுறையே உண்டு, ஐ.எஸ்.ஓ. 3103 என்று. 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் இலை, நன்றாகக் கொதித்த தண்ணீர், 6 நிமிஷம். ருசியாக டீ போடும் வழி இல்லை அது. இலையின் குறை நிறை எல்லாம் ஒளிக்காமல் வெளியே வரட்டும் என்றுதான் அப்படி. கோப்பை வெள்ளையாக இருக்க வேண்டும், நிறம் தெரிய. பிறகு ஸ்பூனில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். அம்மா பார்த்தால் திட்டுவாள்தான், ஆனால் காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் மூக்குக்குப் பின்பக்கமாக ஏறும்.

சரி, பொட்டலத்துக்கு வருகிறேன். வரிசை மாற்றித்தான் எழுதுகிறேன், எண்ணோடு பொருத்திப் பார்க்காதே.

ஒன்று பாவ்ஜொங். தைப்பேக்குப் பக்கத்தில் பிங்லின் மலைப்பகுதியில் விளைவது. ஊலாங்கிலேயே மிகக் குறைவாக மாற விட்டது, கிரீன் டீக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம். இலை நீளமாக, முறுக்கிய மாதிரி, கரும்பச்சையில் இருக்கும். சாயம் வெளிர் மஞ்சள். பூ மணம்தான் முதலில் வரும், துவர்ப்பு ரொம்பக் கம்மி. உனக்கு இது பிடிக்கும், அத்தானுக்குப் பிடிக்காது.

இன்னொன்று அலிஷான். 1000 மீட்டருக்கு மேல் விளைந்தால் அதை உயர்மலைத் தேயிலை என்று தனியாகப் பிரிக்கிறார்கள். மேலே குளிரும் மூடுபனியும் இருப்பதால் செடி மெதுவாக வளரும், துவர்ப்பு குறைந்து வழவழப்பு கூடும். எல்லோரும் இதைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவ்வளவு இல்லை. சுத்தமாக, இனிப்பாக இருக்கிறது, அதோடு சரி.

இதையே ஒத்த உருண்டைதான் டொங் டிங், நான்டோ மாவட்டத்தில் லூகு பக்கம் செய்வது. இரண்டையும் துணியில் மூட்டையாகக் கட்டித் திரும்பத் திரும்ப உருட்டி உருண்டையாக்குகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், வழக்கமான டொங் டிங்கைக் கடைசியில் வறுப்பார்கள். அதனால் உருண்டை சற்றுக் கறுத்து இருக்கும், டிகாஷன் பொன்னிறமாக இறங்கும். குடித்து முடித்த பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு ஏறும் பார், நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அதே மாதிரி. என்னுடைய தேயிலை இதுதான். ஊறிய பிறகு ஓர் இலையை எடுத்துத் தட்டில் விரித்துப் பார். காம்போடு இரண்டு மூன்று இலை அப்படியே முழுசாக விரியும். விளிம்பு மட்டும் செம்பழுப்பாக, நடுவில் பச்சையாக இருக்கும். குலுக்கும்போது விளிம்பில் அடிபடுகிறது, அங்கேதான் முதலில் நிறம் மாறுகிறது. புத்தகத்தில் படித்தபோது புரியாத ஊலாங், அந்த ஒரு இலையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

நான்காவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஓரியண்டல் பியூட்டி. நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே, பெய்ப்பு, எமெய் என்ற ஹக்கா மக்களின் ஊர்களில் விளைகிறது. கோடையில் பச்சை நிறத்தில் ஒரு தத்துப்பூச்சி வரும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. கொழுந்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இலை மஞ்சளாகிச் சுருங்கும். வேறு எங்கேயாக இருந்தாலும் மருந்து அடித்திருப்பார்கள். இங்கே பூச்சி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்! கடிபட்ட செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதேதோ மணப்பொருள்களைச் சுரக்கிறது. அந்த இலையைப் பாதிக்கு மேல் மாற விட்டுக் காயவைத்தால் தேன் மணம் வருகிறது. தேன் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, எல்லாம் பூச்சி செய்த வேலை. மருந்தடிக்க முடியாது, விளைச்சல் குறைவு, கொழுந்தாகப் பார்த்துக் கையால் கிள்ள வேண்டும், அதனால் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். உனக்குச் சிறிய பொட்டலம்தான் வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இலையைக் கொட்டிப் பார்த்தால் வெள்ளை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் எல்லாம் கலந்து கிடக்கும். நம் டார்ஜிலிங்கின் செகண்ட் ஃப்ளஷ், அதாவது வருஷத்தின் இரண்டாம் பறிப்புத் தேயிலைக்கு வரும் அந்தத் திராட்சை வாசனையிலும் இதே மாதிரிப் பூச்சிகளுக்குப் பங்கு உண்டாம். நம் நாட்டுச் சமாச்சாரத்தை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியாக ரூபி, சன் மூன் ஏரிக்கரையில் விளையும் பிளாக் டீ. பர்மாச் செடியையும் தைவான் காட்டுத் தேயிலையையும் சேர்த்து உண்டாக்கிய ரகம், 1999இல் வெளியிட்டார்கள். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் அஸ்ஸாம் விதையைக் கொண்டுவந்து நட்ட இடம் அது. சாயம் நல்ல சிவப்பு. பட்டை வாசனையும் பின்னால் புதினா மாதிரி ஒரு குளிர்ச்சியும் வரும். அத்தான் ஒத்துக்கொள்ளும் ஒரே டீ இதுவாகத்தான் இருக்கும். பால் ஊற்றட்டும், பரவாயில்லை. மற்ற நான்கில் ஊற்றினால் நான் பேசமாட்டேன் என்று சொல்லிவிடு.

இப்போது எண் ஏன் என்று சொல்கிறேன். பெயர் தெரிந்தால் நாக்கு பெயரைத்தான் ருசிக்கும். ஆகவே நீயே குடித்துப் பார்த்து எது எது என்று கண்டுபிடி. ஐந்து வெள்ளைக் கப் எடுத்துக்கொள், எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 3 கிராம் இலை, 150 மி.லி. கொதித்த தண்ணீர், மூடி வைத்து 6 நிமிஷம். ஸ்பூனால் அளக்காதே. பாவ்ஜொங் காற்றாக இருக்கும், உருண்டை கனமாக இருக்கும், ஸ்பூனில் அளந்தால் கணக்கு தப்பிவிடும். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள். முதலில் காய்ந்த இலையை முகர், பிறகு வடித்துவிட்டு ஈர இலையை முகர், அப்புறம் குடி. ஆறிய பிறகும் ஒரு வாய் குடித்துப் பார். சூட்டில் மறைந்திருந்த கசப்பெல்லாம் அப்போது வெளியே வரும்.

சும்மா குடிக்கும்போது இவ்வளவு கடுமை வேண்டாம். இங்கே சின்ன மண் கூஜாவில் நிறைய இலை போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிஷத்துக்குள் வடித்துவிடுவார்கள். அதே இலையில் ஐந்தாறு தடவை ஊற்றுவார்கள், ஒவ்வொரு தடவையும் ருசி மாறும். குறுகலான, உயரமான கப் ஒன்றும் கூடவே இருக்கும். அதில் டீயை ஊற்றி, பிறகு குடிக்கிற கப்பில் கவிழ்த்துவிட்டு, காலியானதை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். குடிக்க இல்லை, முகர மட்டும் ஒரு கப்! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இப்போது நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.

பிரித்த பொட்டலத்தை மசாலா அலமாரியில் மட்டும் வைத்துவிடாதே. பெருங்காய வாசனையை இரண்டே நாளில் இழுத்துக்கொள்ளும். இறுக மூடிய டப்பாவில் போட்டுத் தனியாக வை. அம்மாவுக்குச் சாயங்காலத்துக்கு மேல் கொடுக்காதே, தூக்கம் கெடும். சாப்பாட்டோடும் வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது.

எண்ணுக்கு நேரே பெயர் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, நீயும் அத்தானும் தனித்தனியாக. குட்டியையும் முகரச் சொல், அவளுக்குத்தான் நம் எல்லோரையும்விட மூக்கு கூர்மை. மூவரின் தாளும் வந்த பிறகுதான் விடை சொல்வேன். அலிஷானையும் டொங் டிங்கையும் மாற்றி எழுதுவாய் என்று இப்போதே பந்தயம் கட்டுகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை