ஈஸ்டர் நாளைக் கணக்கிடுவது எப்படி: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

மறைக்கல்வி வகுப்பில் பெரிய பிள்ளைகளை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25, ஈஸ்டர் மட்டும் ஏன் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுகிறது என்று அவர்கள் கேட்டபோது, ‘நிலாவைப் பார்த்து வைப்பார்கள்’ என்று சொல்லிச் சமாளித்தாயாம். அது பாதிதான் சரி. வானத்து நிலாவை யாரும் பார்ப்பதில்லை, அட்டவணையில் எழுதிய நிலாவைத்தான் பார்க்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான்கு நற்செய்திகளும் இயேசுவின் சாவை யூதர்களின் பாஸ்கா விழாவோடு சேர்த்தே சொல்கின்றன. நிசான் மாதம் 14ஆம் நாள் பிற்பகலில் பாஸ்கா ஆட்டுக்குட்டியை அறுத்து, பொழுது சாய்ந்தபின் உண்பார்கள். நிலாவை வைத்து எண்ணும் மாதம் என்பதால் 14 என்றாலே முழுநிலா. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் கடைசி இரவு உணவையே பாஸ்கா உணவாகக் காட்டுகிறார்கள். யோவானோ பாஸ்கா உணவுக்கு முன்பே, ஆட்டுக்குட்டிகள் அறுபடும் நாளிலேயே, இயேசு இறந்ததாகச் சொல்கிறார். பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக்கூடாது என்ற விடுதலைப் பயண நூலின் கட்டளையையும் சிலுவையடியில் நினைவுபடுத்துகிறார். எந்தப் பிள்ளையாவது இந்த ஒரு நாள் வேறுபாட்டைப் பிடித்துக் கேட்டால் மழுப்பாதே, அப்படித்தான் இருக்கிறது என்று சொல். இறந்தது வெள்ளி, கல்லறை வெறுமையாக இருந்தது வாரத்தின் முதல் நாள் என்பதில் நால்வரும் ஒன்றுதான்.

ஆக, நினைவில் நிறுத்தவேண்டியவை இரண்டு: முழுநிலா, ஞாயிற்றுக்கிழமை. முழுநிலா எந்தக் கிழமையிலும் வரும். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்த்ததில்தான் இவ்வளவு கணக்கும் சண்டையும் பிறந்தன. கிறிஸ்துமஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. டிசம்பர் 25ஐ ரோமையில் கொண்டாடியதற்குக் கிடைக்கும் பழைய சான்றே 4ஆம் நூற்றாண்டுதான். சூரிய நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்தார்கள், அது அங்கேயே நின்றுவிட்டது. உயிர்ப்பு அப்படியில்லை. நற்செய்திகள் எழுதப்படும் முன்பே, கி.பி. 55 வாக்கில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார் என்பதைத் தானும் பிறரிடம் பெற்றே கையளித்ததாகப் பவுல் சொல்கிறார். கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் நம் நம்பிக்கையே வீண் என்றும் அதே அதிகாரத்தில் எழுதுகிறார்.

‘வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு காலை எப்படி மூன்று நாளாகும்?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அவர்கள் தொடக்க நாளையும் சேர்த்து எண்ணினார்கள்: வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. நாளும் நள்ளிரவில் அல்ல, பொழுது சாயும்போது தொடங்கியது. இந்த எண்ணும் முறையை முதலிலேயே சொல்லிவை, பின்னால் திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

2ஆம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) சபைகள் நிசான் 14 எந்தக் கிழமையானாலும் அன்றே கொண்டாடின. ரோமை முதலான இடங்களில் அதையடுத்த ஞாயிறு. 155ஆம் ஆண்டு வாக்கில் ஸ்மிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப் ரோமைக்கு வந்து ஆயர் அனிசேத்துவிடம் பேசினார். ஒருவரும் மற்றவரை மாற்ற முடியவில்லை. ஆனாலும் அனிசேத்து தம் கோவிலில் நற்கருணைக் கொண்டாட்டத்தை நடத்தும் மதிப்பைப் பொலிக்கார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார், சமாதானமாகப் பிரிந்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பின், 190 வாக்கில், விக்டர் ரோமை ஆயரானபோது ஆசிய சபைகளை உறவிலிருந்தே விலக்கப் பார்த்தார். லியோன் ஆயர் இரேனேயு பழைய சந்திப்பை எடுத்துக்காட்டித்தான் அவரைத் தடுக்க முயன்றார். யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் இதையெல்லாம் விவரமாகப் பதிந்திருக்கிறார். விக்டரைவிட அனிசேத்துவைத்தான் பிள்ளைகள் நினைவில் வைக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

325இல் நிசேயாவில் கூடிய சங்கம், எல்லாரும் ஒரே ஞாயிறன்று கொண்டாடவேண்டும், அதற்கு யூதர்களின் கணிப்பைச் சார்ந்திருக்கக்கூடாது என்று முடிவுசெய்தது. ‘இளவேனில் சம இரவுநாளுக்குப் பின் வரும் முழுநிலாவை அடுத்த ஞாயிறு’ என்ற வாய்பாட்டை நிசேயா தந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். சங்கத்தின் சட்டங்களில் அந்த வாசகம் இல்லை. கணக்கைப் பார்த்தது எகிப்தின் அலெக்சாந்திரியா சபை. சம இரவுநாளை மார்ச் 21 என்று நிலைப்படுத்தியதும் அங்கேதான்.

கணக்கின் அச்சாணி 19. பகலும் இரவும் சமமாகும் நாள் சூரியனைச் சார்ந்தது, முழுநிலா நிலவைச் சார்ந்தது. 12 நிலவு மாதங்கள் சேர்ந்தால் 354 நாள்தான், ஆண்டுக்கு 11 நாள் குறையும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் முழுநிலா 11 நாள் முந்தி வருகிறது. மார்ச் 21க்கும் முன்னால் போய்விட்டால் ஒரு மாதத்தைக் கூட்டிப் பின்னுக்குத் தள்ளவேண்டும். 19 ஆண்டுகளில் 7 முறை இப்படிக் கூட்டினால் 235 நிலவு மாதங்களும் 19 சூரிய ஆண்டுகளும் ஏறத்தாழச் சரியாகிவிடும். 525இல் ரோமையில் தியோனீசியு எக்சிகுவு என்ற துறவி இந்தச் சுழற்சியை வைத்து, 532இல் தொடங்கும் அட்டவணையைப் போட்டார். கிறிஸ்தவர்களைக் கொன்ற ரோமைப் பேரரசர் தியோக்கிளேத்தியனின் ஆட்சியாண்டில் எண்ண மனமில்லாமல், கிறிஸ்துவின் மனிதப் பிறப்பிலிருந்து எண்ணினார். நாம் ஆண்டுக்கு இடும் எண் ஓர் ஈஸ்டர் அட்டவணையிலிருந்துதான் வந்தது. உயிர்ப்பு இரவில் பாஸ்கா மெழுகுதிரியில் அந்த நான்கு இலக்கங்களைப் பொறிக்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல், நன்றாகப் பதியும்.

இனி பலகையில் போட்டுக் காட்டு. 1900 முதல் 2099 வரை எந்த ஆண்டுக்கும் இது செல்லும். ஆண்டை 19ஆல் வகுத்து மீதியை எடு. 2026க்கு மீதி 12. அதை 11ஆல் பெருக்கினால் 132. 225இலிருந்து கழித்தால் 93. விடை 50 அல்லது அதற்குக் கீழே வரும்வரை 30 30ஆகக் கழி: 63, பிறகு 33. இது மார்ச் முதல் நாளிலிருந்து எண்ணும் தேதி. மார்ச் 33 என்றால் ஏப்ரல் 2, அதுதான் அட்டவணை முழுநிலா. அடுத்தது கிழமை. ஆண்டு 2026, அதன் கால் பங்கில் பின்னத்தை விட்டு 506, முன்பு வந்த 33, ஒரு 1, எல்லாம் கூட்டினால் 2566. 7ஆல் வகுத்தால் மீதி 4. ஞாயிறு 0, திங்கள் 1 என்று எண்ணினால் 4 என்பது வியாழன். 7இலிருந்து 4ஐக் கழித்து வரும் 3ஐ 33உடன் சேர், 36. மார்ச் 36 என்றால் ஏப்ரல் 5. 2026இன் ஈஸ்டர் அதுதான்.

பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். 30 30ஆகக் கழித்தபின் 49 அல்லது 50 வந்தால் இன்னும் ஒன்று குறைக்கவேண்டும், அதை மறப்பார்கள். நிலவு மாதம் 30, 29 என்று மாறி மாறி வருகிறது, நம் சூத்திரமோ எல்லாவற்றையும் 30 என்று கொள்கிறது, அதனால் ஓரத்தில் ஒரு நாள் கூடிவிடும். அதைக் குறைப்பதால்தான் ஈஸ்டர் ஏப்ரல் 25ஐத் தாண்டுவதில்லை. 2038இல் சரியாக 50 வரும், 49 ஆக்கிப் போட்டால் ஏப்ரல் 25. அந்தக் கடைசி நாளில் ஈஸ்டர் முன்பு வந்தது 1943இல். மிக முந்திய நாள் மார்ச் 22. அது 1818இல் வந்தது, இனி 2285இல்தான். இன்னொரு தவறு, முழுநிலா ஞாயிற்றுக்கிழமையே வந்தால் அன்றே ஈஸ்டர் என்று நினைப்பது. மீதி 0 வந்தால் முழுதாக 7 நாள் சேர்க்கவேண்டும். 2025இல் அட்டவணை முழுநிலா ஏப்ரல் 13, ஞாயிறு. ஈஸ்டர் ஏப்ரல் 20.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இணையத்தில் வானியல் விவரத்தைப் பார்த்துவிட்டு 2019ஐக் கேட்கலாம். அந்த ஆண்டு உலக நேரப்படி மார்ச் 20 இரவு சம இரவு, மார்ச் 21 அதிகாலை முழுநிலா. அப்படியானால் மார்ச் 24 ஈஸ்டராக இருந்திருக்கவேண்டும், ஆனால் ஏப்ரல் 21 அன்று கொண்டாடினோம். அட்டவணை தன் முழுநிலாவை மார்ச் 20இல் வைத்திருந்தது, மார்ச் 21க்கு ஒரு நாள் முன்னால். அதனால் அடுத்த நிலாவுக்குத் தாண்டியது. இதைப் பிழை என்று சொல்லமாட்டேன். உலகத்தின் இரண்டு மூலைகளில் முழுநிலா இரண்டு தேதிகளில் விழும். அட்டவணை எல்லாருக்கும் ஒன்றுதான்.

உன் நண்பர்களில் ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தார் சில ஆண்டுகளில் ஒரு மாதம் கழித்துக் கொண்டாடுவதற்குக் காரணம் நாள்காட்டி. பழைய ஜூலியன் நாள்காட்டியின் ஆண்டு 365¼ நாள், உண்மையான சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். ஏறக்குறைய 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். 1582இல் சம இரவு மார்ச் 11க்கு வந்துவிட்டது. லிலியு என்ற மருத்துவர் வகுத்த திட்டத்தைக் கிளாவியு என்ற இயேசு சபைக் கணித அறிஞர் விளக்கி நிலைநாட்ட, திருத்தந்தை 13ஆம் கிரகோரி 10 நாளை வெட்டினார். அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. 00 என்று முடியும் ஆண்டுகளில் 400ஆல் வகுபடாதவற்றுக்குப் பிப்ரவரி 29 இல்லை என்ற விதியும் அப்போது வந்ததே. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை ஈஸ்டருக்குப் பழைய கணக்கையே வைத்திருக்கின்றன (பின்லாந்துச் சபை விதிவிலக்கு). அவர்களுடைய மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. அதோடு அவர்களுடைய அட்டவணை நிலாவும் வானத்து நிலாவுக்குப் பின்னால் நாலைந்து நாள் தங்கிவிட்டது. 2024ஐப் பார். நாம் மார்ச் 31 அன்று முடித்துவிட்டோம். அவர்கள் அட்டவணை முழுநிலா ஏப்ரல் 28, வானத்தில் அது ஏப்ரல் 23, 24லேயே வந்துபோய்விட்டது. ஏப்ரல் 28 ஞாயிறு என்பதால் இன்னொரு வாரம் தள்ளி மே 5. ‘யூதர் பாஸ்காவுக்குப் பின்னால்தான் ஈஸ்டர் வரவேண்டும் என்ற விதியால்’ என்று சிலர் விளக்கம் சொல்வார்கள், நம்பாதே. அது காரணம் அல்ல, கணக்கின் விளைவு. 1997இல் சிரியாவின் அலெப்போவில் கூடியவர்கள், எருசலேமின் தீர்க்கரேகையை வைத்து வானியல்படியே கணித்து எல்லாரும் ஒன்றாகக் கொண்டாடலாம் என்று பரிந்துரைத்தார்கள். நடக்கவில்லை. 2025இல் இரு தரப்புக்கும் ஏப்ரல் 20 ஒன்றாக அமைந்தது, 2028இலும் ஏப்ரல் 16 அமையும்.

ஈஸ்டர் கிடைத்துவிட்டால் மற்ற நாள்கள் கூட்டல் கழித்தல்தான். 46 நாள் பின்னால் போனால் சாம்பல் புதன். 2026க்கு பிப்ரவரி 18. 46 எப்படி 40 ஆயிற்று? இடையில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் 40. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு இல்லை. முன்னால் போகும்போது பழைய எண்ணும் முறை வரும்: விண்ணேற்றம் 40ஆம் நாள், ஆனால் ஈஸ்டரே முதல் நாள் என்பதால் 39ஐத்தான் கூட்டவேண்டும். பெந்தகோஸ்தே 50ஆம் நாள், கூட்டுவது 49. 40, 50 என்று கூட்டினால் வெள்ளியும் திங்களும் வந்து நிற்கும், உடனே தெரிந்துவிடும். சில நாடுகளில் விண்ணேற்றத்தை அடுத்த ஞாயிறுக்கு மாற்றியிருக்கிறார்கள், உங்கள் பங்கில் எப்படி என்று கேட்டுக்கொள்.

உன் வகுப்பு வயதுக்கு நோன்பு விதியைச் சரியாகச் சொல்லவேண்டும். கத்தோலிக்கச் சட்டப்படி சாம்பல் புதனும் புனித வெள்ளியும் நோன்பு நாள். ஒருவேளை முழு உணவு, மற்ற வேளைகளில் சிறிதளவு. இது 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும்வரை. இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்ததிலிருந்து. ஆகவே உன் பிள்ளைகளில் பலருக்குத் தவிர்ப்பு உண்டு, நோன்பு கடமையில்லை. நோயாளியை இரண்டும் கட்டுப்படுத்தாது.

புனித வெள்ளியன்று திருப்பலி கிடையாது. அன்று வழங்கும் நற்கருணை முந்தின நாள் வியாழன் மாலையில் அர்ச்சித்தது. வியாழனன்று அப்பத்தைக் கணக்குப் பார்த்து வைக்காவிட்டால் வெள்ளியன்று பாதி வரிசைக்கே போதாமல் போகும். சனி இரவின் பாஸ்கா திருவிழிப்பு இருட்டியபின் தொடங்கி ஞாயிறு விடியுமுன் முடியவேண்டும். வசதிக்காகப் பொழுது இருக்கும்போதே தொடங்குவது விதிக்கு மாறானது. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. தக்க காரணம் இருந்தால் மூன்றாகக் குறைக்கலாம், ஆனால் கடலைக் கடந்த நிகழ்ச்சியான விடுதலைப் பயணம் 14ஐ விடவே கூடாது. நிசான் நிலாவிலிருந்து இந்த இரவுவரை வரும் தொடர்பு அந்த வாசகத்தில்தான் நிற்கிறது. அதைக் கேட்டபின்தான் திருமுழுக்குத் தண்ணீரை ஆசீர்வதிக்கிறார்கள்.

வகுப்பில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பிறந்த ஆண்டைக் கொடுத்து ஈஸ்டரைக் கண்டுபிடிக்கச் சொல், பழைய நாள்காட்டியோடு சரிபார்க்கலாம். யாராவது 2100ஐப் போட்டுப் பார்த்தால் மார்ச் 27 என்று வரும், அது சனிக்கிழமை. 2100இல் பிப்ரவரி 29 இல்லாததால் கிழமைக் கணக்கு ஒன்று கூடிவிட்டது. அந்த நூற்றாண்டு முழுவதும், கிழமைக்குக் கூட்டும்போது சேர்க்கும் அந்த 1ஐ விட்டுவிடவேண்டும். அப்போது மார்ச் 28 வரும்.

அன்புடன்,
அம்மா